ஓர் அங்குலத்தின் விலை

மான்மவுத் ஜங்ஷன் என்ற பெயரைக் கேட்டுவிட்டு, விழுப்புரம் ஜங்ஷனையோ அரக்கோணம் ஜங்ஷனையோ மனதில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நியூஜெர்சியின் மிடில்செக்ஸ் கவுண்டியில், சவுத் பிரன்ஸ்விக் நகரியத்துக்குள் அடங்கிய ஊர் இது. பென்சில்வேனியா ரெயில்ரோடு கம்பெனியின் பாதைகள் ஒரு காலத்தில் இங்கே பிரிந்தன. ஜங்ஷன் என்ற பெயர் அப்படி வந்தது. இன்றும் நியூயார்க்குக்கும் பிலடெல்ஃபியாவுக்கும் இடையே ஓடும் ரயில்கள் இந்த வழியாகத்தான் பறக்கின்றன. எதுவும் இங்கே நிற்பதில்லை. ரயில் பிடிக்க வேண்டுமென்றால் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கோ ஜெர்சி அவென்யூவுக்கோ காரில் போக வேண்டும். பால் வாங்கக் கார், பிள்ளையைத் தமிழ்ப் பள்ளியில் விடக் கார், கோயிலுக்குக் கார். ரூட் 1 நெடுஞ்சாலைதான் இந்த ஊரின் ராஜவீதி.

இப்படிக் காரே கதியென்று இருக்கும் நாட்டில், கையால் கியர் மாற்றும் கார் மட்டும் அருகிப்போய்விட்டது. அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களில் நூற்றுக்கு இரண்டுகூட அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே மேனுவல் கியர் வைத்த மாஸ்டா மியாட்டாவையோ, டொயோட்டா ஜிஆர்86-ஐயோ, ஃபோர்டு மஸ்டாங்கையோ தேடிப் பிடித்து வாங்குகிறவர் சாதாரண வாடிக்கையாளர் அல்லர். அது அவருக்கு ஒரு பிடிவாதம். வாங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் கண் கியர் ராடு மேல் விழும். கையின் அசைவைக் குறைக்கும் ‘ஷார்ட் ஷிஃப்டர்’ என்ற சாமானை மாட்டினால் கியர் சட்டென்று விழும், வண்டி வேகமாகப் போகும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சில நூறு டாலர்தான், பெரிய செலவில்லை என்றும் சொல்லியிருப்பார்கள்.

சட்டென்று விழும் என்பதில் பாதி உண்மை உண்டு. வேகம் என்பதில் அதைவிடக் குறைவு. ஏன் என்று பார்க்க, பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோலிலிருந்து தொடங்கலாம்.

பழைய ரயில்வே சிக்னல் கேபின்களில் ஆள் உயர நெம்புகோல்கள் வரிசையாக நிற்கும். கேபின்மேன் உடம்பின் எடையைக் கொடுத்து ஒன்றைச் சாய்த்தால், தூரத்தில் தண்டவாளத்தின் நாக்கு சில அங்குலம் நகரும். கோல் நீளமாக இருந்தது அழகுக்கு அல்ல. மனிதக் கையின் சிறிய விசையைப் பெரிதாக்க. கியர் ராடும் அதே வேலைதான் செய்கிறது. நாம் பார்ப்பது அதன் மேல்பாதியை மட்டும். தோல் உறைக்குக் கீழே ஓர் உருண்டை, குழியில் உட்கார்ந்திருக்கிறது. அதுதான் ஆதாரப்புள்ளி. அதற்கும் கீழே கோல் கொஞ்சம் நீண்டு, அதன் நுனி கியர் பாக்ஸுக்குள் இருக்கும் தண்டைத் தள்ளுகிறது. தண்டில் ஒரு ஃபோர்க், அதாவது கவை. கவையின் பிடியில் ஓர் உருளை வளையம். அந்த வளையம் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தால் கியர் விழுந்துவிடும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். உருண்டைக்கு மேலே 200 மில்லிமீட்டர், கீழே 40 மில்லிமீட்டர். விகிதம் ஐந்துக்கு ஒன்று. நுனி நியூட்ரலிலிருந்து 10 மில்லிமீட்டர் நகர வேண்டுமென்றால், கையிலிருக்கும் குமிழ் 50 மில்லிமீட்டர் நகர வேண்டும். நுனியில் 150 நியூட்டன் விசை தேவையென்றால், கை 30 நியூட்டன் கொடுத்தால் போதும். மூன்று கிலோ அரிசிப் பையைத் தூக்குகிற பளுதான் அது.

இந்த 50 மில்லிமீட்டரைக் குறைக்க இரண்டு வழி. ஒன்று, மேல்பாதியை வெட்டிக் குட்டையாக்குவது. 200-ஐ 160 ஆக்கினால் விகிதம் நான்காகும், குமிழின் ஓட்டம் 40 மில்லிமீட்டராகும். மலிவான வழி. ஆனால் குமிழ் கைக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிடும்; ஒவ்வொரு முறையும் தோளைச் சாய்த்துத் தேட வேண்டியிருக்கும். இன்னொரு வழி, கீழ்ப்பாதியை நீட்டுவது. 40-ஐ 55 ஆக்கினால் விகிதம் 3.64 ஆகும், குமிழின் ஓட்டம் 36 மில்லிமீட்டருக்கு இறங்கும். உயரம் மாறாது. தரமான ஷார்ட் ஷிஃப்டர் என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை, அல்லது இரண்டும் கலந்தது. பழைய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வைத்திருப்பவர்கள் தனிச் சாமான் வாங்காமல், அதே கம்பெனியின் இஸட்3 காரிலிருந்து கியர் ராடை எடுத்து மாட்டிக்கொள்வார்கள். வளைவும் அளவும் வேறாக இருப்பதால் காசு அதிகமில்லாமல் காரியம் நடக்கிறது.

இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்குப் போக, குமிழ் நியூட்ரலுக்கு ஒரு 50, அங்கிருந்து இன்னொரு 50, ஆக 100 மில்லிமீட்டர் பயணிக்கிறது. கீழ்ப்பாதியை நீட்டிய பிறகு அது 73. மிச்சம் 27 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஓர் அங்குலம். இதற்கான விலையை இயற்பியல் கறாராக வசூலித்துவிடுகிறது. முன்பு 30 நியூட்டன் கொடுத்த கை இப்போது 41 கொடுக்க வேண்டும். 30-ஐ 0.05 மீட்டரால் பெருக்கினால் ஒன்றரை ஜூல்; 41-ஐயும் சில்லறையையும் 0.036 மீட்டரால் பெருக்கினாலும் ஒன்றரை ஜூல். தூரத்தில் மிச்சம் பிடித்ததை விசையில் திருப்பிக் கட்டியாயிற்று.

‘அதனாலென்ன, கொஞ்சம் அழுத்தித் தள்ளுகிறேன்’ என்பார் இளைஞர். சரிதான். ஆனால் அவர் எதைத் தள்ளுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய லாரி ஓட்டுநர்கள் ‘டபுள் கிளட்ச்’ அடித்ததை நம் ஊரில் நடுத்தர வயதினர் பலர் பார்த்திருப்பார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஓர் உறுமல், மறுபடி கிளட்ச், அப்புறம்தான் கீழ் கியர். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் வலது காலும் இடது காலும் மாறி மாறி இயங்கும். காரணம் இதுதான்: கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடிதான் சுழல்கின்றன. ஆனால் எந்தச் சக்கரம் தண்டோடு பூட்டிக்கொள்கிறதோ அதுதான் வண்டியை இழுக்கும். பூட்டும் கணத்தில் இரண்டின் சுழல் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘கர்ர்’ என்று பல்லோடு பல் உரசும். அந்த வேகத்தைக் காலாலும் காதாலும் சமன் செய்யும் வித்தைதான் டபுள் கிளட்ச்.

இந்த வித்தையை இயந்திரத்துக்குள்ளேயே வைத்தவர் ஏர்ல் தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். அவருடைய சின்க்ரோமெஷ் அமைப்பு 1928-ல் காடிலாக் கார்களில் வந்தது. பின்னாளில் பலவிதமாகத் திருந்தி, இன்று எல்லா மேனுவல் கார்களிலும் ஒரே தத்துவத்தில் இயங்குகிறது. பூட்ட வேண்டிய பற்சக்கரத்தின் பக்கத்தில் ஒரு கூம்பு. அதன்மேல் தொப்பிபோல் கவிழும் பித்தளை அல்லது வெண்கல வளையம். கை கியரைத் தள்ளும்போது முதலில் இந்த வளையம் கூம்பின்மேல் அழுந்தி உராய்கிறது. உராய்வு, வேகமாகச் சுழல்வதை இழுத்துப் பிடிக்கிறது. வேகம் சமனாகும்வரை வளையத்தின் ஓரத்திலுள்ள சின்னஞ்சிறு பற்கள் குறுக்கே நின்று, உருளையை உள்ளே விடாமல் மறிக்கின்றன. சமனான கணத்தில் உராய்வின் முறுக்கு அற்றுப்போகிறது. காவல் தளர்ந்து வளையம் விலகுகிறது. உருளை வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. கியர் மாற்றும்போது கையில் ஒரு சின்னத் தடையும் அடுத்து ஓர் இளகலும் தெரிகிறதே, அந்தத் தடை இந்த வாயில்காப்போன்தான். கடைசியில் வரும் ‘கிளிக்’ வேறு: தண்டிலுள்ள பள்ளத்தில் ஸ்பிரிங் தள்ளும் குண்டு விழுகிற உணர்வு அது.

கூம்பின் சரிவு மிகக் குறைவு, ஆறேழு டிகிரி. அதனால் ஆப்பு இறங்குவதுபோல விசை பல மடங்காகிறது. மறுபடி எண்களுக்கு வருவோம். கூம்பின் ஆரம் 30 மில்லிமீட்டர், உராய்வு எண் 0.1, தள்ளும் விசை 150 நியூட்டன் என்றால், கிடைக்கும் முறுக்கு விசை ஏறத்தாழ 3.75 நியூட்டன் மீட்டர். எஞ்சின் 6,000 சுற்றில் இருக்கும்போது இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகிறோம். இரண்டாவது கியரின் விகிதம் 2.0, மூன்றாவதன் விகிதம் 1.4 என்று வைத்தால், கிளட்ச் தட்டும் அதோடு சேர்ந்த தண்டும் 4,200 சுற்றுக்கு இறங்க வேண்டும். அவற்றின் நிலைமத் திருப்புத்திறன் 0.004 என்று கொண்டால், இறங்குவதற்கு ஆகும் நேரம் 0.2 நொடி.

இப்போது ஷார்ட் ஷிஃப்டரை மாட்டுங்கள். கையின் பலம் பழையபடி 30 நியூட்டன்தான். விகிதம் குறைந்ததால் வளையத்துக்குப் போய்ச் சேருவது 150 அல்ல, 109 மட்டும். வேகம் சமனாக 0.2 நொடிக்குப் பதில் 0.275 நொடி ஆகும். கூடுதலாக ஆயிரத்தில் எழுபத்தைந்து நொடி. கையின் ஓட்டத்தில் மிச்சம் பிடித்தது எவ்வளவு? நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் கை அசைந்தால், 27 மில்லிமீட்டருக்கு ஆயிரத்தில் இருபத்தேழு நொடி. லாபம் 27, நஷ்டம் 75. அழுத்தித் தள்ளினால் மட்டுமே அந்த 27 கையில் நிற்கும். இந்த எண்கள் காருக்குக் கார் மாறும். மாறாதது, நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது கையின் பயணமல்ல, கூம்பின் உராய்வு என்பதுதான். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கை பலத்தைக் கூட்டிக் கூட்டித் தள்ளினால், கூம்பின்மேலுள்ள பித்தளைப் பரப்பு உராய்வின் சூட்டைத் தாங்க வேண்டும். குறிப்பாக இரண்டாவது கியர், அதுதான் எப்போதும் முதலில் அலறும். கையின் விசை உரிய இடத்தில் நிற்காமல் மேலும் அழுத்தினால் கவையும் வளையலாம். டெலவேர் ஆற்றைக் கடந்தால் வரும் பென்சில்வேனியாவின் வார்மின்ஸ்டரில் இயங்கிய, ஜார்ஜ் ஹர்ஸ்ட் 1958 வாக்கில் தொடங்கிய கம்பெனி பேர் வாங்கியது இந்தச் சிக்கலைத் தீர்த்துத்தான். அன்றைய அமெரிக்கக் கார்களின் கியர் ராடுகள் தொளதொளவென்று ஆடும். ஹர்ஸ்டின் ஷிஃப்டர் இறுக்கமாக இருந்தது. அதில் நிறுத்துத் திருகுகள் இருந்தன. கியர் விழுந்ததும் ராடு திருகில் முட்டி நின்றுவிடும். மிச்ச ஆவேசத்தை இரும்புத் திருகு வாங்கிக்கொள்ளும், கவைக்குப் போகாது. 1964-ல் வந்த போன்டியாக் ஜிடிஓ காருக்குக் கம்பெனியே ஹர்ஸ்ட் ஷிஃப்டரைக் கொடுத்தது.

ஹர்ஸ்ட் ஷிஃப்டர்கள் கோலோச்சிய டிராக் ரேஸ் காலத்தின் ஒரு கோயில் எங்கள் பக்கத்திலும் இருந்தது. இங்கிலீஷ்டவுன் என்று எல்லோரும் சொல்லும் ஓல்டு பிரிட்ஜ் டவுன்ஷிப் ரேஸ்வே பார்க். 1965-ல் திறந்தார்கள். கால் மைல் நேர்த் தடம்; கியர் மாற்றத்தில் ஒரு துளி நொடி பிந்தினால் தோல்வி. 2018 தொடக்கத்தில் டிராக் ரேஸை நிறுத்திவிட்டார்கள். இன்று வளைவு நெளிவான தடத்தில் ஓட்டிப் பார்க்க விரும்பும் நியூஜெர்சிக்காரர்கள் தெற்கே மில்வில்லில் உள்ள நியூஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க்குக்குப் போகிறார்கள்.

நம் ஊர்க் கதையும் உண்டு. கோயம்புத்தூர் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்ற பெயரில் ஒரு தலைமுறைப் பந்தய வீரர்கள் அவற்றில்தான் கை பழகினார்கள். இப்படிப்பட்ட காரில் எஞ்சினும் கியர் பாக்ஸும் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கியர் ராடோ தொடைக்குப் பக்கத்தில். நடுவே தண்டும் மூட்டும் போகும் நீளத்தில் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் விழுந்தால் போதும், கை சொன்னதைக் கியர் பாக்ஸ் கேட்காது. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். அவர் பெயரில் கோவைக்கு அருகே பந்தயத் தடம் இருக்கிறது.

மூட்டில் ஆட்டம் என்றதும் அம்பாசடர் நினைவுக்கு வராத தமிழர் இருக்க முடியாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கியர். நியூட்ரலில் விட்டால் தானே தலையாட்டும். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் ஒரே பதில்: ‘புஷ் போயிருச்சு சார்.’ புஷ் என்பது மூட்டுகளில் உட்காரும் நைலான், ரப்பர் அல்லது வெண்கல வளையம். அது தேய்ந்தால் தண்டுக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி விழும். கையின் ஓட்டத்தில் ஒரு பகுதி அந்த இடைவெளியை நிரப்புவதிலேயே கழிந்துவிடும்.

என் வாதத்துக்கு முக்கியமான இடம் இது. பத்து, இருபது ஆண்டுகள் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரின் கியர் நீளமாக இழுப்பதாகத் தோன்றினால், பெரும்பாலும் அது வடிவமைத்தவர் வைத்த நீளமல்ல, தேய்ந்த புஷ் சேர்த்த நீளம். 1989-ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறை மியாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கியர் ராடு, தண்டு கிண்டு எதுவுமில்லாமல் நேராகக் கியர் பாக்ஸின் வால் பகுதியில் இறங்குகிறது. புதிதாக இருந்தபோதே அதன் கியர் ஓட்டம் குட்டை என்று பெயர் வாங்கியது. ராடு இறங்கும் கோபுரத்துக்குள் தனியாகக் கொஞ்சம் கியர் எண்ணெய் இருக்கும். நுனி உருண்டைக்கு நைலான் கிண்ணம் ஒன்று. மேலே இரண்டு ரப்பர் உறைகள். ஆண்டுகள் போகப் போக எண்ணெய் வற்றும், கிண்ணம் பொடியாகும், ரப்பர் கிழியும். கிழிந்த ரப்பர் வழியாகக் கியர் பாக்ஸின் சூடும் சத்தமும் காருக்குள் வரும். கிண்ணமும் உறைகளும் சேர்ந்து ஷார்ட் ஷிஃப்டரின் விலையில் சிறு பங்குதான் ஆகும். வேலையைக் காருக்குள் உட்கார்ந்தபடியே, மேலிருந்து செய்துவிடலாம்: சில திருகு, உறைகள், கோபுரத்தின் மூடி. மாற்றி முடித்து எண்ணெய் ஊற்றி மூடினால், பலருக்கு ஷார்ட் ஷிஃப்டர் ஆசையே அடங்கிவிடுகிறது.

எஞ்சின் முன்னாலும் கியர் பாக்ஸ் பக்கவாட்டிலும் இருக்கும் ஹோண்டா சிவிக், கோல்ஃப் ஜிடிஐ போன்ற கார்களில் கதை வேறு. அங்கே ராடுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இரண்டு கேபிள்கள். முன்பின் அசைவுக்கு ஒன்று, இடவலத்துக்கு ஒன்று. கேபிளின் இரு முனையிலும் புஷ். தொழிற்சாலை அங்கே மென்மையான ரப்பரை வைப்பதில் காரணம் இருக்கிறது. எஞ்சினின் நடுக்கம் கைக்கு வரக் கூடாது. வெண்கலத்தையோ கெட்டி பாலியூரிதேனையோ வைத்தால் ஆட்டம் போகும், நடுக்கம் வரும். வார நாளில் ரூட் 1 நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்து அலுவலகம் போகிறவர் அந்தப் பண்டமாற்றை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஜனவரியில் காலையில் காரை எடுத்ததும் இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். வெளியே நீர் உறையும் குளிர், எண்ணெய் கூழாகியிருக்கிறது. கூம்புக்கும் பித்தளை வளையத்துக்கும் நடுவேயுள்ள எண்ணெய்ப் படலம் பிழிந்து வெளியேறினால்தான் உலோகத்தோடு உலோகம் உராயும். அதற்காகத்தான் வளையத்தின் உட்பக்கம் நுண்ணிய வரிப்பள்ளங்கள். படலம் தடித்தால் உராய்வு பிந்தும். 75டபிள்யூ-90 என்று டப்பாவில் எழுதியிருப்பதில் முதல் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதைச் சொல்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற தரம். ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகமும் பாஸ்பரசும் கலந்த சேர்மானம் அதிகம். பின்னச்சின் பற்களுக்கு அது கவசம். சில கலவைகள் கியர் பாக்ஸின் பித்தளை வளையத்துக்குக் கெடுதல். காரோடு வந்த புத்தகம் எதைச் சொல்கிறதோ அதை ஊற்றுவதே உசிதம். நாள்பட்ட எண்ணெயை மாற்றியதுமே கியர் இளகிவிட்டதாக உணர்கிறவர்கள் நிறைய.

அடுத்தது குமிழ். பிளாஸ்டிக் குமிழைக் கழற்றிவிட்டு எஃகுக் குமிழைத் திருகுவது வெறும் அலங்காரமென்று நினைக்கலாம். அது பாதிதான் சரி. 50 கிராம் குமிழ் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் 0.05, 250 கிராம் குமிழுக்கு 0.25. வழியில் வாயில்காப்போன் பற்கள் 25 நியூட்டன் கூடுதல் தடையை நூறில் ஒரு நொடிக்குக் கொடுத்தால், அது தின்னும் உந்தமும் 0.25 தான். லேசான குமிழில் அந்தத் தடையைக் கை முழுசாக உணரும். கனத்த குமிழில் குமிழே அதை விழுங்கிவிடும். கைக்கு வெண்ணெய்போலத் தோன்றும். சின்க்ரோமெஷின் வேலை இதனால் ஒரு துளியும் குறைவதில்லை, உணர்வு மட்டும் மாறுகிறது. உணர்வுக்குத்தானே மேனுவல் கார்? எஃகின் வெப்பங்கடத்தும் திறன் தோலைவிட நூறு மடங்கு அளவில் இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நியூஜெர்சி ஜனவரியில் வெறுங்கையால் தொட்டால் ‘உஸ்’ என்போம். டெக்சாஸ் நண்பர்கள் ஆகஸ்டில் வேறு காரணத்துக்காக அதையே சொல்வார்கள். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் குமிழ் குளிருக்கும் வெயிலுக்கும் ஒரு சமரசம்.

ஷார்ட் ஷிஃப்டரில் நான் உண்மையாகவே அஞ்சுவது ஒன்று உண்டு. சில வகைகள் முன்பின் ஓட்டத்தோடு இடவல இடைவெளியையும் குறைத்துவிடும். ‘எச்’ வடிவத்தின் கால்கள் நெருங்கிவிடும். மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும் அவசரத்தில் கை சற்று இடப்பக்கம் சாய்ந்தால் இரண்டாவது கியர் விழும். மூன்றாவதில் எஞ்சின் 6,500 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தால், கிளட்சை விட்ட கணத்தில் சக்கரங்கள் அதை 9,300 சுற்றுக்கு இழுத்துக்கொண்டு போகும். எஞ்சினைக் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு பெட்ரோலை நிறுத்தும். ஆனால் பின்னாலிருந்து தள்ளுவது பெட்ரோலல்ல, ஓடிக்கொண்டிருக்கும் காரின் கனம். வால்வுகளின் ஸ்பிரிங்குகள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல், வால்வு பிஸ்டனில் முட்டும். ஒரு மணிக்கட்டுச் சாய்வில் எஞ்சின் போய்விடும். அமெரிக்கர்கள் இதை ‘மணி ஷிஃப்ட்’, அதாவது பணம் தின்னும் ஷிஃப்ட், என்று கேலியாகச் சொல்வார்கள்.

அப்படியானால் எதற்காக இந்தச் சாமானை வாங்க வேண்டும்? வேகத்துக்கு என்றால் வேண்டவே வேண்டாம். இரட்டைக் கிளட்ச் தானியங்கிகள் எந்த மனிதக் கையையும் மிஞ்சும். போர்ஷே கம்பெனி 2013-ல் கொண்டுவந்த 911 ஜிடி3 காரில் மேனுவல் கியரே கிடையாது. வேகக் கணக்குப்படி அது சரியான முடிவு. ஆனால் வாங்குகிறவர்கள் முணுமுணுத்தார்கள். 2016-ல் 911 ஆர் என்ற பதிப்பு மேனுவலோடு வந்தது. அடுத்த ஆண்டு ஜிடி3 காரிலும் மேனுவல் திரும்பிவிட்டது. மெதுவான கியர் பாக்ஸைக் காசு கொடுத்துக் கேட்டு வாங்கினார்கள். கையில் படும் அந்தத் தடை, இளகல், கிளிக் மூன்றுக்காகத்தான் மேனுவல் வாங்குகிறோம் என்று ஒப்புக்கொண்டுவிட்டால், ஷார்ட் ஷிஃப்டர் வாங்குவதிலும் தப்பில்லை. ருசிக்கு வாங்குங்கள், வேகத்துக்கு என்று சொல்லிக்கொண்டு வாங்காதீர்கள்.

சட்டச் சிக்கல் ஏதுமில்லை. நியூஜெர்சியில் 2010 ஆகஸ்ட் முதல் சொந்தக் கார்களுக்குப் புகைச் சோதனை மட்டும்தான். கியர் ராடை யாரும் பார்க்கப்போவதில்லை. வாரண்டி போய்விடும் என்று டீலர் பயமுறுத்தினால், 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டத்தை நினைவில் வையுங்கள். வெளிச் சாமான் மாட்டிய ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்தச் சாமானால்தான் பழுது என்று அவர்கள் காட்ட வேண்டும். ஆனால் கவை வளைந்து, கியர் பாக்ஸும் பழுதானால் அவர்கள் காட்டிவிடவும் கூடும்.

என் தீர்ப்பு இது. முதலில் புஷ்ஷையும் எண்ணெயையும் மாற்றுங்கள். அப்புறம் ஒரு கனத்த குமிழ். சில மாதம் ஓட்டிய பிறகும் கை கேட்டால், ஓட்டத்தை ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறைக்கும், நிறுத்துத் திருகு வைத்த ஷிஃப்டராகப் பாருங்கள். பாதியாகக் குறைக்கிறேன் என்று சொல்வதைத் தொடாதீர்கள். எது மாட்டினாலும், ஓட்டும்போது கியர் ராடு மேல் கையைச் சாய்த்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். கையின் பளு ராடு வழியாகக் கவைக்கு இறங்கி, சுழலும் உருளையின்மேல் அதை ஓயாமல் தேய்க்கிறது. மியாட்டாவில் வேலையை மேலிருந்து செய்துவிடலாம் என்றேன். பிஎம்டபிள்யூவுக்குக் கீழிருந்துதான் செய்ய வேண்டும். காருக்கு அடியில் போவதானால், ஜாக்கை மட்டும் நம்பித் தலையை நுழைக்காதீர்கள். ஸ்டாண்டுகளை முட்டுக்கொடுத்து, காரை ஒரு முறை அசைத்துப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.